அம்மாவின் பட்டுப் புடவையை டிசைனர் உடையாக்கக் கொடுக்கிறீர்களா? முதலில் பார்டரை அளந்துகொள்ளுங்கள்

தீபாவளிக்கு வீட்டிலிருக்கும் பழைய காஞ்சிப் பட்டை அனார்கலியாகவோ லெஹங்காவாகவோ மாற்றித் தைத்துக்கொள்ளலாம் என்று பொட்டிக் பொட்டிக்காக ஏறி இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு நடந்தது போன தீபாவளியில். கடைப் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருப்பதால் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். சென்னையில் ஓரளவு பேர் வாங்கிய பொட்டிக், அவ்வளவு போதும்.

ஆசை வந்ததில் தப்பே இல்லை. 2024 ஏப்ரலில் சமந்தா தன் வெள்ளைக் கல்யாண கவுனை டிசைனர் கிரேஷா பஜாஜிடம் கொடுத்துக் கறுப்பு உடையாக மாற்றி ஒரு விருது விழாவுக்குப் போட்டுக்கொண்டு வந்தார். அதற்கு முந்தைய வருடம் தேசிய விருது வாங்க வந்த ஆலியா பட், டிசைனர் சப்யசாச்சி செய்து கொடுத்த அதே கல்யாணப் புடவையைத்தான் கட்டியிருந்தார். 2022இல் அவருடைய மெஹந்திக்கு மணீஷ் மல்ஹோத்ரா செய்த லெஹங்காவோ, பல ஊர்த் துணித் துண்டுகளை ஒட்டுப் போட்டுத் தைத்தது. இதையெல்லாம் பார்த்தால் பீரோவில் தூங்குகிற புடவை மேல் கண் போகாமல் இருக்குமா? பண்டிகைக்குப் புதுத்துணி எடுப்பதைவிட, இருப்பதை நம் ரசனைக்கு மாற்றிக்கொள்வது எனக்கு இன்றைக்கும் நல்ல யோசனையாகத்தான் படுகிறது. அதைச் சுற்றி முளைத்திருக்கும் வியாபாரம்தான் பிரச்சினை.

அம்மாவின் புடவை 1987இல் எடுத்தது. மாம்பழ நிற உடல், அரக்கு பார்டர். இரண்டு பக்கமும் நாலு விரல் அகலத்துக்குக் கெட்டியான ஜரிகை, அதில் தாழம்பூ ரேக்கு என்கிற டிசைன், முந்தி முழுக்க மயில் சக்கரம். கோர்வை நெசவு. உடலும் பார்டரும் தறியிலேயே ஒன்றுக்குள் ஒன்று கோத்து நெய்யப்பட்டவை. இந்த விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பொட்டிக்கில் வரவேற்பு பிரமாதம். சுவர் முழுக்கப் பெரிய டிசைனர்களின் படங்கள், மேஜையில் துணித் துண்டு ஒட்டிய மூட் போர்டு. "மேம், இந்த பார்டரை வச்சு நாங்க வேற லெவல்ல பண்ணித் தரோம்" என்றார் உரிமையாளர். கூட இருந்த பெண் புடவையை விரித்து, ஜரிகையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தார். அக்கறையாகப் பார்க்கிறார் என்று அம்மா சந்தோஷப்பட்டார். நாலு மீட்டர் சுற்றளவில் அனார்கலி, கழுத்திலும் கையிலும் கொஞ்சம் ஆரி வேலை (கொக்கி ஊசியால் போடும் எம்ப்ராய்டரி), லைனிங் எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய். பாதி அட்வான்ஸ். பில்லில் எழுதிக் கொடுத்தது "பட்டுப் புடவை 1, அனார்கலி கன்வெர்ஷன்" என்று மட்டும்.

அப்புறம் வழக்கமான தீபாவளி ரஷ் கதை. ஆரி அண்ணன் ஊருக்குப் போயிருக்கிறார், கட்டிங் மாஸ்டருக்குக் காய்ச்சல், நாளைக்குக் கண்டிப்பாக மேம். கடைசியில் பண்டிகைக்கு முந்தைய நாள் ராத்திரி, கடை ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு உடை கைக்கு வந்தது. அளவு கச்சிதம், ஆரி வேலையும் குறை சொல்ல முடியாது. தாமதம் தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் யாருக்கும் உள்பக்கம் திருப்பிப் பார்க்கத் தோன்றாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

மறுநாள் காலை எண்ணெய்க் குளியல் முடிந்து உடுத்தியபோது அம்மாதான் கண்டுபிடித்தார். கீழ் பார்டர் ஏதோ மொடமொடவென்று நிற்கிறது என்றார். திருப்பிப் பார்த்தால் உடலும் பார்டரும் சேரும் இடத்தில் சுற்றிலும் மெஷின் தையல். கோர்வைப் புடவையில் அங்கே தையலுக்கு வேலையே கிடையாது. புடவையின் கீழ்ப் பக்கத்தை அப்படியே சுற்றளவாக வைத்து மேலே இடுப்பில் சுருக்கினாலே பார்டர் தானாக அடியில் வந்துவிடும். வெட்டி, மறுபடி தைக்க ஒரே காரணம்தான் இருக்க முடியும்: இது அந்தப் பார்டர் இல்லை.

நல்லவேளையாக, அதே புடவையோடு வந்த துணியில் தைத்த அம்மாவின் பழைய ரவிக்கை வீட்டில் இருந்தது. கையில் அதே தாழம்பூ ரேக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தோம். ரவிக்கையின் ஜரிகை கொஞ்சம் மங்கி, பழந்தங்கம் மாதிரி இருந்தது. அனார்கலியில் பளீரென்ற மஞ்சள். ரவிக்கை ஓரத்தில் பிரிந்திருந்த ஒரு ஜரிகை இழையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல். சுத்த ஜரிகை அப்படித்தான் இருக்கும்: பட்டு நூல் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி அதற்குத் தங்க முலாம். அனார்கலி பார்டரைச் சுரண்டினால் மினுமினுப்பு பிளாஸ்டிக் தோலாக உரிந்து, உள்ளே வெள்ளை நூல். நுனியைக் கொளுத்தினோம், உருகி உருண்டையாகச் சுருண்டது. பட்டாக இருந்தால் முடி கருகிய நாற்றம் அடித்துச் சாம்பல் பொடியாக உதிரும்.

மிச்சத் துணி என்று ஒரு சின்னப் பை கொடுத்திருந்தார்கள். எல்லாம் மாம்பழ நிறப் பிளெயின் துண்டுகள். முந்தியைக் காணோம்.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. புடவை ஐந்தரை மீட்டர். இரண்டு பக்கமும் பார்டர், ஆகவே மொத்தம் 11 மீட்டர் பார்டர். அனார்கலி அடிக்கு 4 மீட்டர் போகட்டும், கைக்கும் கழுத்துக்கும் தாராளமாக ஒரு மீட்டர் போகட்டும். ஆறு மீட்டர் பார்டரும் முந்தியும் திரும்பி வந்திருக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் அந்த 4 மீட்டர்கூட வரவில்லை.

"பழைய பார்டர் இத்துப் போயிருந்துச்சு மேம், அதான் நாங்களே எங்க செலவுல புதுசு போட்டோம்" என்றார் உரிமையாளர். இற்றுப் போன பார்டரைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். கட்டிங் வேஸ்ட்டோடு போய்விட்டதாம். முப்பது வருடத்துக்கு மேல் மடிப்பில்கூட விடாத ஜரிகை, அவர்கள் கடைக்கு வந்த பிறகு இற்றுப்போனது! கொடுப்பதற்கு முன் புடவையை விரித்து எடுத்த படங்களை அனுப்பியதும் குரல் மாறியது. தையல் கூலியைத் திருப்பித் தருகிறேன், விஷயத்தை விட்டுவிடுங்கள் என்றார். கூலிக்காக நாங்கள் சண்டை போடவில்லை.

எங்கள் பார்டர் எங்கே போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அதற்கு விலை உண்டு என்பது ஊரறிந்தது. 'பழைய பட்டுப் புடவை வாங்கப்படும்' என்ற போர்டு தெருவுக்குத் தெரு தொங்குவது துணிக்காக இல்லை, ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்காக. வெள்ளி கிலோ லட்சத்தைத் தாண்டிய பிறகு அந்தப் போர்டுகள் இன்னும் பெரிதாகிவிட்டன. இன்னொரு பக்கம், பழைய காஞ்சி பார்டரை வேறு ரவிக்கையிலும் துப்பட்டாவிலும் வைத்துத் தைத்து 'விண்டேஜ்' என்று நல்ல விலைக்கு விற்கும் ஃபேஷனும் இருக்கிறது. டிசைனர் ஆசை காட்டி வாங்குகிற புடவையில் யாருக்கு எது லாபம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லா பொட்டிக்கும் இப்படி என்று சொல்ல வரவில்லை. என் தோழி ஒருத்தி இதே மாதிரி ஒரு வேலையைத் தன் தெரு டெய்லர் அண்ணனிடம் கொடுத்தாள். டிசைனர் படத்திலிருந்து அவள் எடுத்துக்கொண்டது கழுத்தின் வெட்டும், அகல பார்டர் அடியில் வரும் விதமும் மட்டும். வெட்டும்போது அவளே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மிஞ்சிய பார்டர் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வீட்டுக்கு வந்தது. மூட் போர்டு எதுவும் இல்லை.

கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், புடவையை முழுசாக விரித்து இரண்டு பார்டரும் முந்தியும் தெரியப் படம் எடுங்கள். ஜரிகை டிசைனைக் கிட்டத்தில் தனியாக ஒரு படம், அங்கங்கே இற்றிருந்தால் அதையும். பில்லில் 'மீதி பார்டர், முந்தி, துணி அனைத்தும் திருப்பித் தரப்படும்' என்று அவர்கள் கையாலேயே எழுதி வாங்குங்கள். எழுத யோசிக்கிற கடையில் புடவையைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். வீட்டுத் தராசில் எடை போட்டு அதையும் பில்லில் ஏற்றிவிட்டால் இன்னும் நல்லது. பாதிப் பணத்தை உடையைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னாலேயே டெலிவரி தேதி போடச் சொல்லுங்கள், பார்க்கவும் சண்டை போடவும் நாள் வேண்டாமா?

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். நாங்களும் அங்கேதான் ஆரம்பித்தோம். கடைக்காரர் பிடி கொடுக்காததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனோம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதனால் பழைய பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அனார்கலியை நாங்கள் பிரிக்கவில்லை, சலவைக்கும் போடவில்லை. அந்த மெஷின் தையலும் ரவிக்கையும்தான் எங்கள் சாட்சி. தீர்ப்பு வந்ததும், கடைப் பெயரோடு எழுத முடிந்தால் எழுதுகிறேன்.