பெரியம்மாவை ரிமூவ் செய்த கதை: ஃபாலோயர் பட்டியலோடு பத்து வருடம்

பென்சிலில் கிறுக்குவதைப் போட ஓர் இடம் வேண்டும் என்று கணக்குத் தொடங்கிப் பத்து வருடம் ஆகப்போகிறது. முகநூல், இன்ஸ்டாகிராம், அப்போது ட்விட்டராக இருந்த எக்ஸ், பின்னால் மாஸ்டடான் (பலர் தனித்தனி சர்வர்களில் நடத்தும் சமூக வலைத்தளம்). முதல் பாதி முழுக்க ஃபாலோயர் எண்ணை மட்டும்தான் பார்த்தேன். அந்த எண்ணைத் தொட்டால் ஒரு பட்டியல் திறக்கும் என்பது தெரியும், ஆனாலும் உள்ளே போனதில்லை. போக வைத்தவர் பெரியம்மா.

இன்ஸ்டா கணக்கை அப்போதுதான் ப்ரைவேட் ஆக்கியிருந்தேன். பூட்டிவிட்டால் வேண்டாதவர்கள் எல்லாம் தானாக வெளியே போய்விடுவார்கள் என்று நினைப்பு. அப்படி நடக்காது. பூட்டு, இனிமேல் வருகிறவர்களுக்குத்தான். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் சாவகாசமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இது புரிந்த அன்று மதியமே பட்டியலைத் திறந்து களையெடுக்க உட்கார்ந்தேன். முகப்பில் படம் இல்லையா, ஒரு பதிவுகூட இல்லையா, பெயருக்குப் பின்னால் நாலைந்து எண்கள் ஒட்டியிருக்கிறதா, அப்படியானால் போலி. இவ்வளவுதான் என் விதி. பெயருக்குப் பக்கத்திலேயே 'ரிமூவ்' இருக்கும். தொட்டால், நீக்கிய செய்தி அவருக்குச் சொல்லப்படாது என்று ஒரு வரி வரும், மறுபடி தொட்டால் முடிந்தது. இரண்டு மணி நேரத்தில் 200 பேருக்கு மேல் போனார்கள். கை வலித்தாலும் மனசுக்கு என்னவோ வீடு பெருக்கியது போல இருந்தது.

மூன்று வாரம் கழித்துப் பெரியம்மா போன் செய்தார். "ஏண்டா, படம் வரையறதையே விட்டுட்டியா? உன் பக்கத்துக்குப் போனா பூட்டு மாதிரி என்னமோ ஒண்ணுதான் தெரியுது."

பேரன் தொடங்கிக் கொடுத்த கணக்கு. பெயர் வேறொருவர் எடுத்துவிட்டதால் எண் சேர்த்திருக்கிறான். படம் வைக்கவில்லை. பெரியம்மா எதையும் பதிவிடுகிறவரும் இல்லை. தினமும் காலையில் என் படத்தைப் பார்ப்பது ஒன்றுதான் அந்தக் கணக்கின் வேலை. "அப்போ ஒரு தடவைகூட லைக் போடலையே பெரியம்மா?" என்றேன். "அந்த இதயத்தைத் தொட்டா உனக்கு போன் வந்துருமோன்னு பயம்டா" என்றார்.

அன்றிலிருந்து எண்ணை விட்டுவிட்டுப் பெயர்களைப் படிக்கத் தொடங்கினேன். படம் இல்லாத எல்லாக் கணக்கும் போலி இல்லை. நல்ல முகப்புப் படம், ஒன்பது பதிவுகள், அழகான அறிமுகம் எல்லாம் உள்ள கணக்குதான் பல நேரம் போலி. இப்போது நான் பார்ப்பது வேறு. அந்த ஒன்பது பதிவுகளும் ஒரே நாளில் போட்டவையா? அவர் பின்தொடர்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, அவரைப் பின்தொடர்கிறவர்கள் பத்துக்குள் நிற்கிறார்களா? நமக்குத் தெரிந்தவர் யாராவது அவரைப் பின்தொடர்கிறாரா? இந்தக் கடைசிக் கேள்வியை அன்று கேட்டிருந்தால் பெரியம்மா தப்பியிருப்பார்.

முகநூல் கதை தனி. நண்பர்கள் 5,000 பேர் வரை என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே ஃபாலோயர் என்று வேறொரு கூட்டம் இருப்பது எனக்கு வெகுகாலம் உறைக்கவில்லை. 2011-இல் 'சப்ஸ்கிரைப்' என்ற பெயரில் வந்து, அடுத்த வருடமே 'ஃபாலோ' என்று மாறிய வசதி அது. யார் பின்தொடரலாம் என்ற அமைப்பு 'பொது' என்றிருந்தால், நமக்கு நட்பு அழைப்பு அனுப்பி நாம் ஏற்காமல் விட்டவர்களும் ஃபாலோயர் ஆகிவிடுவார்கள். வேண்டாம் என்று நான் கிடப்பில் போட்ட அத்தனை பேரும் என் பொதுப் பதிவுகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள்! ப்ரொஃபைலில் நண்பர்கள் பகுதிக்குள் போனால் அந்தப் பட்டியல் தனியாக இருக்கும். நான் அமைப்பை 'நண்பர்கள்' என்று மாற்றிக்கொண்டேன். சில வருடம் கழித்துத் திரும்பவும் 'பொது' ஆக்கினேன். ஓவியம் போடுகிறவனுக்கு வாசலை அடைத்து வைத்து என்ன பயன்?

எக்ஸில் ஒரு காலத்தில் யாரையாவது விலக்க வேண்டுமானால் பிளாக் செய்து உடனே அன்பிளாக் செய்ய வேண்டும். எல்லாரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். 2021 அக்டோபரில்தான் மூன்று புள்ளிக்குள் 'ரிமூவ்' முறையாக வந்தது. ஆனால் கணக்கு திறந்திருந்தால் போனவர் அடுத்த நிமிடமே திரும்பி வந்து ஃபாலோ கொடுக்கலாம். நான் நீக்கிய ஒருவர் மூன்று முறை வந்தார். நாலாவது முறை நான் விட்டுவிட்டேன். இப்போது நல்ல பழக்கம்.

எண்ணிக்கை மயக்கத்தில் இருந்த காலத்தில் 'நீ என்னை ஃபாலோ பண்ணு, நான் உன்னைப் பண்றேன்' குழுக்களில் சேர்ந்திருந்தேன். 2018 ஜூலையில் ட்விட்டர், சந்தேகத்தின் பேரில் முடக்கி வைத்திருந்த கணக்குகளை எண்ணிக்கையிலிருந்து கழித்தது. பெரும்பாலானோருக்கு நான்கு பேரோ அதற்கும் குறைவாகவோதான் போவார்கள் என்று முன்னாலேயே அறிவித்திருந்தார்கள். எனக்குப் போனது 31. வெட்கமாக இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய கூத்து, 'உங்களை அன்ஃபாலோ செய்தது யார்' என்று காட்டும் ஒரு செயலியை இறக்கியது. பெயரையும் கடவுச்சொல்லையும் அதற்குள்ளேயே கேட்டது. கொடுத்தேன். பட்டியல் காட்டியது, சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் காலையில் பார்த்தால், வாழ்க்கையில் கேள்விப்படாத கண்ணாடிக் கடைகள், சூதாட்டப் பக்கங்கள் என நூற்றுக்கும் மேற்பட்ட கணக்குகளை நான் பின்தொடர்ந்துகொண்டிருக்கிறேன். என் கணக்கு யாருக்கோ ஃபாலோயராக விற்கப்பட்டிருந்தது. கடவுச்சொல்லை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றி, அந்த நூறு பேரையும் ஒவ்வொருவராக விடுவிக்க அரை நாள் ஆயிற்று. யாருக்காவது பூஜ்ஜியம் மதிப்பெண் கொடுக்க வேண்டுமென்றால் இந்த வகைச் செயலிகளுக்குத்தான்.

அது செய்வதாகச் சொன்ன வேலையை நாமே செய்துகொள்ளலாம். இன்ஸ்டாவில் நம் தகவல்களை இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்க வேண்டாம், ஃபாலோயர் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்தால் கோப்பு சின்னதாக வரும். கால வரம்பை மட்டும் 'ஆரம்பத்திலிருந்து' என்று வைக்க வேண்டும். கடைசி ஒரு வருடம் என்று வைத்தால் அந்த வருடம் வந்தவர்கள்தான் இருப்பார்கள். ஒவ்வொரு பெயரோடும் எந்தத் தேதியில் பின்தொடரத் தொடங்கினார் என்பதும் வரும். மூன்று மாதத்துக்கொரு முறை இறக்கி, பழையதையும் புதியதையும் விரிதாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்.

முதல் முறை அப்படிப் பார்த்தபோது 19 பேர் 'போயிருந்தார்கள்'. அதில் ஒருவர் என் பள்ளித் தோழன். மனசு கனத்துவிட்டது. என்னடா செய்தோம் என்று அவன் பக்கத்துக்குப் போனால், அவன் அங்கேயேதான் இருக்கிறான், பயனர்பெயரை மாற்றியிருக்கிறான். கோப்பில் பயனர்பெயர்தானே இருக்கும்! பழைய பெயர் போனவர்களிலும் புதிய பெயர் வந்தவர்களிலும் உட்கார்ந்திருந்தது. தேதியைப் பொருத்திப் பார்த்திருந்தால் அப்போதே புரிந்திருக்கும். இன்னும் நாலு பேர் கணக்கைத் தற்காலிகமாக முடக்கி வைத்திருந்தார்கள். அடுத்த முறை பார்த்தபோது திரும்பியிருந்தார்கள். ஆகவே யாராவது காணவில்லை என்றால் உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

பட்டியலைக் கையாள எனக்கு மிகப் பிடித்த இடம் மாஸ்டடான். பயனர்கள் குறைவு, என் ஓவியத்தைப் பார்க்கிறவர்கள் அதைவிடக் குறைவு, ஆனாலும் யார் யாரைப் பின்தொடர்கிறார் என்பதற்கென்றே ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். இரு பக்கமும் பின்தொடர்கிறவர்கள், ரொம்ப நாளாக அசைவில்லாத கணக்குகள், வேறு சர்வருக்கு மாறிப் போனவர்கள் என்று பிரித்துக் காட்டும். டிக் அடித்து மொத்தமாகவும் நீக்கலாம். கணக்கை இன்னொரு சர்வருக்கு மாற்றினால் ஃபாலோயர்களும் கூடவே வருவார்கள். வீடு மாறும்போது அக்கம்பக்கத்தாரும் கூட வந்தது போல.

எக்ஸில் கணக்கைப் பூட்டி வைத்துவிட்டு மறுபடி திறப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். காத்திருக்கும் விண்ணப்பங்களை முதலில் பாருங்கள். திறந்தால் அவை தானாக ஏற்கப்படுவதில்லை. அவர்கள் திரும்ப ஃபாலோ கொடுக்க வேண்டியிருக்கும். பலர் கொடுக்க மாட்டார்கள்.

பெரியம்மாவுக்கு வருவோம். மறுபடி விண்ணப்பம் அனுப்பச் சொன்னேன். நீல நிறப் பட்டன் என்றேன். "எங்கடா நீலம்?" என்றார். கால் மணி நேரம் ஆயிற்று. அன்று மாலை, அவரை நீக்கி வைத்திருந்த மூன்று வாரத்தில் நான் போட்ட படங்கள் அத்தனைக்கும் வரிசையாக லைக் விழுந்தது. இதயத்தைத் தொட்டால் போன் வராது என்று சொல்லியிருந்தேன்.

இப்போது விண்ணப்பப் பட்டியலில் ஒன்று நான்கு நாளாக நிற்கிறது. படம் இல்லை, பதிவு இல்லை, பெயருக்குப் பின்னால் ஐந்து எண்கள். கீழே சின்ன எழுத்தில், பெரியம்மா இவரைப் பின்தொடர்கிறார் என்று காட்டுகிறது. யாரென்று கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.