கரண்ட் போன நேரம் யார் கணக்கில்? சி.என்.சி. கண்காணிப்பு மென்பொருளுடன் மூன்று வருடம்

சி.என்.சி. மெஷின் (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டுவது) எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நேரம் நின்றது என்று பதியும் கண்காணிப்பு மென்பொருளை விற்க வருபவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: கரண்ட் போன நேரத்தை உங்கள் மென்பொருள் என்னவென்று பதியும்? பல மென்பொருள்கள் "மெஷின் சும்மா நின்றது" என்றே பதிகின்றன. எட்டு மணி ஷிஃப்டை எடுங்கள், 480 நிமிடம். கரண்ட் 90 நிமிடம் இல்லை, செட்டிங்குக்கு (வேலைக்கு மெஷினைத் தயார்செய்ய) 30 நிமிடம் போனது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கழித்தால் மெஷின் ஓடியது 75 வீதம். கரண்ட் இல்லாத நேரத்தைத் தனியே எடுத்துவிட்டால் 390 நிமிடத்தில் 360, அதாவது 92 வீதம். ஆளும் அதே ஆள், வேலையும் அதே வேலை. முதல் கணக்கை வைத்து ஒப்பரேட்டரிடம் விளக்கம் கேட்பது அநியாயம்.

திருகோணமலை சீனக்குடாப் பக்கத்துப் பட்டறையில் நாலு மெஷின்களில் இப்படியொரு மென்பொருளை மூன்று வருடம் ஓட்டிய பிறகு எழுதுவது இது. இரண்டில் ஈதர்நெட் உள்ள ஃபனுக் 0ஐ-டி கொன்ட்ரோல் (மெஷினை ஓட்டும் கணினி), ஒன்றில் ஆர்.எஸ்.232 என்ற பழைய சீரியல் போர்ட் மட்டும், மற்றதில் வெளியே பேசும் வழி எதுவும் இல்லை.

கரண்ட் விஷயத்துக்குத் தீர்வு மலிவானது. தரவு சேர்க்கும் பெட்டியையும் நெட்வேர்க் சுவிட்சையும் சின்ன யூ.பி.எஸ்.ஸில் போடுங்கள். மெஷின்களுக்குப் போகும் லைனில் ஒரு ரிலே (கரண்ட் வந்தாலும் போனாலும் தானாக மாறும் சுவிட்ச்) போட்டு, அதன் கொன்டாக்டைப் பெட்டியின் டிஜிட்டல் இன்புட்டுக்குக் கொடுங்கள். அந்த ரிலேயை, லைனுக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்குப் பின்பக்கம் போட வேண்டும். முன்பக்கம் போட்டால் ஜெனரேட்டரில் வேலை செய்த நேரமும் மின்வெட்டாகப் பதியும். சாதாரண 230 வோல்ட் ரிலே ஒரு ஃபேஸை மட்டுமே பார்க்கும். மற்ற ஃபேஸ் போனால் அதற்குத் தெரியாது, ஆகவே மூன்றையும் பார்க்கும் ஃபேஸ் ஃபெயிலியர் ரிலேயே நல்லது.

அடுத்தது கடிகாரம். தரவு சேர்க்கப் பயன்படும் ராஸ்பெரி பை 4 போன்ற சின்னக் கணினிப் பெட்டிகளில் பற்றரியில் ஓடும் கடிகாரம் இல்லை. யூ.பி.எஸ்.ஸும் தீர்ந்து அணைந்தால், திரும்ப எழும்பும்போது கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். இன்டர்நெட் வந்து நேரம் சரியாகும்வரை பதிவெல்லாம் பிழை. காலை ஓடிய வேலை முந்தின நாள் இரவு ஓடியதாக வரைபடத்தில் தெரிந்தால் காரணம் இதுதான். டி.எஸ்.3231 கடிகாரத் துண்டு ஒன்றைப் பொருத்தினால் தீரும். மெஷின்களுக்கு நிலையான ஐ.பி. முகவரியும் கொடுங்கள். ரவுட்டர் தானாகக் கொடுக்கும் முகவரி மின்வெட்டுக்குப் பின் மாறினால், மென்பொருள் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும்.

ஃபனுக்கில் ஃபோகாஸ் என்ற அதன் தரவு இணைப்பு வழியாகத் தரவு எடுக்கலாம். போர்ட் வழக்கமாக 8193. அதற்குக் கடவுச்சொல் கேட்பதில்லை, ஆகவே அந்த நெட்வேர்க்கை அலுவலக வைஃபையோடு சேர்க்கவே கூடாது. இங்கே ஏமாற்றுவது வெட்டி முடித்த உதிரிகளின் எண்ணிக்கை. கொன்ட்ரோலின் கவுண்டர், புரோகிராம் முடிவைக் குறிக்கும் எம்30 கோட் வரும்போதெல்லாம் ஒன்று கூட்டும். காலையில் ஸ்பிண்டிலை (சுழலும் தண்டை) சூடாக்க ஓட்டும் புரோகிராமும் எம்30இல் முடிந்தால் அதுவும் ஒரு உதிரி. ஒரே ஃபிக்சரில் இரண்டைப் பிடித்து வெட்டினாலும் ஒன்றுதான். பராமீட்டர் 6700இன் பூச்சியம் பிட்டை 1 ஆக்கி, 6710இல் தனி எம் கோட் ஒன்றைக் கொடுத்தால், அந்தக் கோட் வரும் இடத்தில் மட்டும் எண்ணும். அந்த எண் மெஷினில் வேறு வேலைக்குப் பயன்படுகிறதா என்று மெஷினின் உள் லொஜிக் புரோகிராமான லேடரில் பார்த்துவிட்டுத் தெரிவு செய்யுங்கள்.

டூல் நகரும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபீட் ஓவர்ரைடையும் மென்பொருள் வாசிக்க வேண்டும். பூச்சியத்தில் வைத்திருந்தாலும் கொன்ட்ரோல் "ஓடுகிறது" என்றே சொல்லும், டூல் அசையாது.

ஆர்.எஸ்.232 மெஷினுக்குத் மின்சாரம் தாண்டாதபடி தனிமைப்படுத்திய கன்வெர்ட்டர் அவசியம். மெஷின் ஓனில் இருக்கும்போது கேபிளைக் கழற்றவோ செருகவோ வேண்டாம், போர்ட் எரியலாம். பேசாத மெஷினுக்கு மெஷின் நிலையைக் காட்டும் அதன் விளக்குக் கம்பத்தின் பச்சை லைட்டிலிருந்து ரிலே வழியாக எடுத்தோம். முதலில் மீட்டர் வைத்துப் பாருங்கள்: அநேகமாக 24 வோல்ட் டி.சி., பழையவற்றில் 110 வோல்ட் ஏ.சி.யும் வரும். மினுக்கும் மஞ்சள் லைட்டை மென்பொருள் நூறு தனித்தனி நிறுத்தங்களாக எண்ணும். மூன்று செக்கனுக்குக் குறைந்த மாற்றத்தைப் புறக்கணிக்கும் வசதி இல்லாத மென்பொருள் இந்த மெஷினுக்கு உதவாது.

வாடைக்காற்று தொடங்கினால் கடல் உப்பு நேரே உள்ளே வரும். நெட்வேர்க் கேபிளின் சாதாரண ஆர்.ஜே.45 முனையில் பச்சை பிடித்து, தொடர்பு வருவதும் போவதுமாக இருக்கும். மென்பொருளில்தான் கோளாறு என்று தோன்றும். மெஷின் பக்கம் திருகிப் பூட்டும் எம்12 கனெக்டர் போட்ட பின் அது நின்றது. கேபிளை ஸ்பிண்டில் டிரைவ் வயரோடு சேர்த்துக் கட்ட வேண்டாம்.

நிறுத்தக் காரணப் பட்டன்கள் எட்டுக்கு மேல் வேண்டாம்: செட்டிங், டூல் மாற்று, இரும்பு வரவில்லை, கிரேனுக்குக் காத்திருப்பு, அளவெடுப்பு, பழுது, சாப்பாடு, வேலை இல்லை. "மற்றவை" என்று ஒன்று வைத்தால் எல்லாரும் அதையே அழுத்துவார்கள். பட்டன் பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் வைக்கலாமா என்று வாங்கப்போகும் டேப்லெட்டிலேயே பாருங்கள். "செ"யின் கொம்பு தனியே விழுந்து "ச"வைத் தேடிக்கொண்டு நிற்கும் திரைகள் உண்டு. அறிக்கையை சி.எஸ்.வி.யாக இறக்கி நேரே எக்செலில் திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரியலாம். டேட்டா மெனு வழியாக இறக்குமதி செய்து யூ.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைக் கொடுத்தால் சரியாகும்.

மெஷினுக்கு மாதம் இத்தனை டொலர் என்ற சந்தாவுக்கு ஒப்பமிடுமுன், 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதை நினைவில் வையுங்கள். ரூபாயில் ஒரே தடவை கட்டி, சொந்த சேர்வரில் ஓடும் வகையே எங்கள் தெரிவு.

முப்பது நாள் பரீட்சைக்கு மிகப் பழைய மெஷினையே கொடுங்கள். நடுவில் ஒரு நாள் இன்டர்நெட் கேபிளை இரண்டு மணிநேரம் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பச் செருகுங்கள். அந்த இரண்டு மணிநேரத் தரவு ஓட்டையில்லாமல் வந்து சேர வேண்டும். வரவில்லையென்றால் அந்தப் பெட்டியை அன்றே திருப்பிக் கொடுத்துவிடலாம்.