அறையை விடக் குளிர்ந்த புரொசசர்: ஏசிபிஐயா, கோர்டெம்ப்பா?

உவர்மலையில் எங்கள் வீட்டு முன்னறை. கச்சான் காற்று வீசும் ஆடி மாத மத்தியானம். சுவரில் தொங்கும் வெப்பமானி 34 பாகை காட்டுகிறது. மேசையில் இருக்கும் லப்டொப்போ தன் புரொசசரின் சூடு 27.8 பாகை என்கிறது. காற்றால் மட்டுமே ஆறும் பொருள் அறையை விடக் குளிர்ந்திருக்க வழியே இல்லை. புரொசசருக்குள் கணக்குப் போடும் நாலு கோரும் முழுமூச்சாக ஓடும்போதும் அந்த எண் அசையவில்லை. விசிறிதான் கத்தியது.

அந்த எண் வந்தது, கணினியின் மின்சாரத்தையும் சூட்டையும் நிர்வகிக்கும் ஏசிபிஐ என்ற ஏற்பாட்டின் வெப்ப வலயத்திலிருந்து. சூட்டைப் பட்டியலிடும் சென்சார்ஸ் கட்டளையில் ‘ஏசிபிஐடிஇசட்’ என்று தெரிவது. இதில் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் எதையும் நேரடியாக அளப்பதில்லை. தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான பயாஸிடம் கேட்டு, அது சொல்வதை ஒப்புவிக்கிறது. பயாஸின் பதில் கெல்வினின் பத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு வரும். 3010 வந்தால் 2732ஐக் கழித்து, பத்தால் வகுக்க, 27.8. பயாஸை எழுதியவர் அங்கே மாறாத எண்ணொன்றை வைத்துவிட்டால், கேர்னலில் எந்த அமைப்பை மாற்றியும் பலனில்லை. சில லப்டொப்களில் இந்த வலயம் உண்மையான அளவைத் தரும். அதனால் அதை முடக்கவேண்டாம். ஆபத்தான சூட்டில் கணினியை நிறுத்துவதும் அதன் வேலைதான்.

இன்டெல் கணினிக்கு நான் நம்புவது கோர்டெம்ப் என்ற கேர்னல் டிரைவர். இது பயாஸைக் கேட்பதில்லை, புரொசசருக்குள் இருக்கும் எம்எஸ்ஆர் என்ற பதிவகத்தையே (சிறிய நினைவிடம்) படிக்கிறது. அங்கே இருப்பதும் நேரடியான வெப்பநிலை அல்ல, உச்சவரம்புக்கு இன்னும் எத்தனை பாகை மிச்சம் என்ற எண். வரம்பு 100, மிச்சம் 12 என்றால் 88. வரம்பை நெருங்க நெருங்க இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும், சும்மா இருக்கும்போது கொஞ்சம் பிசகும். கோருக்குக் கோர் நாலைந்து பாகை வித்தியாசம் கண்டு பயப்படவேண்டாம். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறும் பக்கம் பக்கமாகத்தானே இருக்கின்றன, வாளியில் அள்ளி ஊற்றிப் பார்த்தால் சூடு ஒன்றுபோலவா இருக்கிறது?

ஏஎம்டி புரொசசர் என்றால் கே10டெம்ப் டிரைவர். அதில் ‘டிசிடிஎல்’ என்ற எண் விசிறியை ஓட்டுவதற்கானது. ரைசன் 1800எக்ஸ் போன்ற சிலவற்றில் அது உண்மைச் சூட்டை விட 20 பாகை கூட. ‘டிடை’ என்று இன்னொரு வரி இருந்தால் அதைப் பாருங்கள்.

சரி, என் லப்டொப்பில் கோர்டெம்ப் ஏன் காணாமல் போனது? கேர்னலை நானே தொகுத்தபோது, நேரம் மிச்சமாகட்டும் என்று லோக்கல்மொட்கன்ஃபிக் என்ற கட்டளையைப் போட்டேன். அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மொடியூல்களை (தேவைக்கேற்பக் கேர்னலில் மாட்டும் துண்டுகள்) மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அது வெட்டிவிடும். கோர்டெம்ப் அப்போது ஏற்றப்பட்டிருக்கவில்லை. கேர்னலின் அமைப்புப் பட்டியலான மெனுகன்ஃபிக்கில் டிவைஸ் டிரைவர்ஸ், அதற்குள் ஹார்ட்வெயார் மொனிட்டரிங் சப்போர்ட் போய், இன்டெல் கோர் வெப்ப சென்சாரை மொடியூலாகத் தெரிவுசெய்தேன். கேர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டலாம்தான், ஆனால் மொடியூல் என்றால் கழற்றி மாட்டிச் சோதிக்கலாம், மறுதொடக்கம் வேண்டியதில்லை. மொடியூலை ஏற்றும் மோட்புரோப் கட்டளையைக் கொடுத்ததும் நாலு கோரும் வரிசையாக வந்தன: சும்மா இருக்கையில் 57, தொகுக்கும்போது 88. விசிறியைக் கழற்றினால் இறக்கைகளில் கடற்கரை மணலும் தூசும் அப்பியிருந்தன. துடைத்தபின் 76.

அப்புறம் ஒரு சிக்கல். திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் என் சின்ன ஸ்கிரிப்டில் ‘ஹெச்டபிள்யுமொன்2’ என்று, கேர்னல் ஒவ்வொரு சென்சாருக்கும் இலக்கமிட்டு வைக்கும் கோப்புறைகளில் ஒன்றின் பெயரை எழுதிவைத்திருந்தேன். அடுத்த தொடக்கத்தில் அந்த இலக்கத்தில் என்விஎம்இ டிஸ்க் வந்து உட்கார்ந்துவிட்டது. கேர்னல் 5.5இலிருந்து அதன் சூடும் இதே இடத்தில் வரும். எண் வரிசைக்கோ உத்தரவாதம் இல்லை. இப்போது ஸ்கிரிப்ட் ஒவ்வொரு கோப்புறையிலும் ‘நேம்’ கோப்பைப் படித்து, கோர்டெம்ப் என்று எழுதியிருப்பதை மட்டும் எடுத்து, பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருக்கும் அந்த எண்ணை ஆயிரத்தால் வகுத்துக் காட்டுகிறது.