ஸொட்டேரோவா, மெண்டலியா: ஆய்வேட்டுக்கு எது துணை?

டெல்லி ஜே.என்.யூவில் ஆய்வுக்குச் சேர்ந்து முனிர்காவில் அறை எடுக்கும் தமிழ்ப் பிள்ளைகள், வந்த ஒரு மாதத்துக்குள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, எந்த சாஃப்ட்வேர் போட்டுக்கட்டும்?" ஒவ்வொருவருக்கும் டீக்கடையில் நின்று சொல்லி வந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். நான் தமிழக வரலாற்றில் ஆய்வு செய்கிறவள். அதனால் இதை முக்கியமாக மானுடவியல், வரலாறு, இலக்கியம் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் நான்கைந்து வருடம் அதோடுதான் குடும்பம் நடத்த வேண்டும். எனவே நான் பார்ப்பது இரண்டே விஷயம். உள்ளே போட்டதை நாளைக்கு முழுசாக வெளியே எடுக்க முடியுமா? தமிழ் நூலும் தமிழ்ப் பெயரும் அதில் சிதையாமல் இருக்குமா?

முதலில் மேற்கோள் மேலாண்மை, அதாவது நூல் விவரங்களைச் சேர்த்து வைத்து அடிக்குறிப்பும் நூற்பட்டியலும் போட்டுத் தரும் செயலி. ஸொட்டேரோ, மெண்டலி இரண்டும் இந்த வகை. ஸொட்டேரோ 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில், வரலாற்று ஆய்வாளர்கள் இருந்த ஒரு மையத்தில் பிறந்தது. இலவசம், திறந்த மூலம். மெண்டலியை 2013இல் எல்செவியர் என்ற ஆய்விதழ்ப் பதிப்பு நிறுவனம் வாங்கியது. 2018இல் மெண்டலி தன் கணினிச் செயலியின் தரவுத்தளத்தைக் குறியாக்கம் செய்தபோது, ஸொட்டேரோ அதிலிருந்து நேரடியாக எடுத்துக்கொண்டிருந்த வழி அடைபட்டது. பிறகு ஸொட்டேரோ இணையம் வழியாக எடுக்கும் வேறு வழி செய்தது. மெண்டலியிலிருந்து பிப்டெக் கோப்பாக (நூல் விவரங்களுக்கான பொது வடிவம்) ஏற்றுமதி செய்வதும் முடியும். ஆனாலும் ஐந்து வருட உழைப்பை ஒப்படைக்கும் இடத்தில் எனக்கு ஸொட்டேரோ மீதுதான் நம்பிக்கை.

இணையத்தில் கோப்பு வைக்கும் இடம் என்று பார்த்தால் மெண்டலி தாராளம்: 2 ஜிபி இலவசம். ஸொட்டேரோ தருவது 300 எம்பி. ஸ்கேன் செய்த பழைய தமிழ் நூல் ஒன்றே 100 எம்பி வரும், ஆக மூன்று நூலில் நிரம்பிவிடும். இதைப் பார்த்துப் பயந்து பலர் மெண்டலிக்குப் போகிறார்கள். போக வேண்டாம். அந்த 300 எம்பி என்பது கோப்புகளுக்கான கணக்கு மட்டும். நூல் விவரங்களும் குறிப்புகளும் எவ்வளவு இருந்தாலும் ஒத்திசையும் (சிங்க் ஆகும்). அமைப்புகளில் கோப்பு ஒத்திசைவை மட்டும் நிறுத்திவிட்டு, பிடிஎஃப்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து வையுங்கள்.

இனி பெயர். இதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் ஆங்கில நூல் ஒன்றை பிரவுசரிலிருந்து சேமித்துப் பாருங்கள். பல தளங்களில் 'சாஸ்திரி' என்பது குடும்பப் பெயராகவும் மீதியெல்லாம் முதற்பெயராகவும் வந்து விழும். அடிக்குறிப்பில் அவர் வெறும் சாஸ்திரி ஆகிவிடுவார், நூற்பட்டியலில் 'நீ'யில் தேடினால் கிடைக்க மாட்டார். நூலகப் பட்டியல்களில் அவர் 'நீலகண்ட சாஸ்திரி, கே.ஏ.' என்றுதான் இருக்கிறார். உ.வே. சாமிநாதையருக்கும் இதே கதி, 'ஐயர்' தனியே பிரிந்து நிற்கும். இரண்டு செயலியிலும் இது நடக்கும், கையால்தான் திருத்த வேண்டும். புதுமைப்பித்தன் மாதிரி ஒற்றைப் பெயர் என்றால், ஸொட்டேரோவில் பெயர்க்கட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்துங்கள், இரண்டு கட்டமும் ஒன்றாகிவிடும். நிறுவனப் பெயர்களுக்கும் அதுவே. தயவுசெய்து நூலைச் சேர்க்கும் அன்றே இதைச் செய்துவிடுங்கள். நம் ஆசிரியர்களின் பெயரை நாமே பிழையாக அச்சிட்டால் வேறு யார் சரியாக எழுதுவார்கள்?

இன்னொரு தொல்லை எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான பிடிஎஃப்பில் ஒரு வரியை ஹைலைட் செய்து குறிப்பாக எடுத்தால், வருவது ஆங்கில எழுத்துக் குப்பை. இதில் இரண்டு செயலியும் சமம்தான். யூனிகோடு மாற்றியில் போட்டு எடுக்கலாம். ஸ்கேன் படமாக இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸ் ஆகத் திறந்தால் தமிழ் எழுத்தைப் படித்துத் தரும். பிழை திருத்தும் வேலை நம்முடையது.

குறிப்பெடுக்க நோஷனா, ஆப்சிடியனா? குழுவாக அட்டவணை போட்டு வேலை செய்ய நோஷன் அழகானது. ஆனால் குறிப்புகள் அவர்கள் சர்வரில் இருக்கும். ஆப்சிடியனில் எல்லாம் நம் கணினியிலேயே சாதா எழுத்துக் கோப்புகள். ஜன்பத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து இணையமே இல்லாமல் எழுதலாம். தேடலில் ஒரு நுணுக்கம்: 'கோயில்' என்று தேடினால் 'கோயிலில்', 'கோயிலுக்கு' எல்லாம் வராது. ல்-இன் புள்ளியை விட்டுவிட்டு 'கோயில' என்று தேடுங்கள், அத்தனையும் வரும். ஆவணங்களின் புகைப்படங்களுக்கு ட்ரோபி என்று தனிச் செயலி இருக்கிறது. ஸொட்டேரோ பிறந்த அதே மையத்தின் குழந்தை, இதுவும் இலவசம்.

கடைசியாக, எழுதுவது வேர்டிலா, கட்டளைகள் எழுதிப் பக்கம் அமைக்கும் லேடெக்கிலா? கணிதம், இயற்பியல்காரர்களுக்கு லேடெக், அதில் பேச்சே இல்லை. நமக்கு அப்படியில்லை. பெரும்பாலான நெறியாளர்கள் வேர்டில்தான் திருத்தம் போட்டு அனுப்புவார்கள். லேடெக்கில் தமிழ் வர வேண்டுமானால் ஓவர்லீஃப் (லேடெக்கில் எழுத உதவும் இணையதளம்) அமைப்புகளில் கம்பைலரை ஸீலேடெக் என்று மாற்றி, தமிழ் எழுத்துருவும் குறிப்பிட வேண்டும். என் வாக்கு வேர்டுக்கும் ஸொட்டேரோவுக்கும்.

ஆனால் இந்த ஜோடியில் ஒரு குறை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். வரலாற்று ஆய்வேட்டில் முதன்மைச் சான்றுகள், தமிழ் நூல்கள், ஆங்கில நூல்கள் என்று நூற்பட்டியலைப் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். லேடெக்கின் நூற்பட்டியல் துணைக்கருவியான பிப்லேடெக் அதைச் சில கட்டளைகளில் செய்துவிடும். வேர்டில் ஸொட்டேரோ ஒரே பட்டியலாகத்தான் கொட்டும், நாம் கையால் வெட்டிப் பிரிக்க வேண்டும். சமர்ப்பிக்கும் மாதத்தில் அதற்கென்று மூன்று முழு நாள் ஒதுக்கி வையுங்கள். பிரித்த பிறகு ரெஃப்ரெஷ் பொத்தான் பக்கமே போக வேண்டாம், பழையபடி ஒன்றாகிவிடும்.