சோற்றைக் குறைப்பதா, எண்ணெயைக் குறைப்பதா?

எடை குறைக்க நினைக்கும் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தவிக்கிறார்கள். சோறு போன்ற மாவுச்சத்தைக் குறைப்பது குறைமாவு; எண்ணெய் போன்ற கொழுப்பைக் குறைப்பது குறைகொழுப்பு.

முதல் வாரம்
குறைமாவு: எடை சட்டென்று இறங்கும். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்திலிருந்து வரும் சர்க்கரையைக் கல்லீரலும் தசையும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கின்றன; அது கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது கரையும்போது தண்ணீரும் வெளியேறுகிறது. ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் ஒரு கிலோ ஏறி நிற்பதும் இதனால்தான். அது கொழுப்பில்லை, பயந்துவிடாதீர்கள்.
குறைகொழுப்பு: மெதுவாக இறங்கும்.

ஒரு வருடம்
ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை வைத்து நடத்தி 2018ல் வெளியிட்ட ஆய்வின் சராசரி இது.
குறைமாவு: 6 கிலோ குறைந்தது.
குறைகொழுப்பு: 5.3 கிலோ.
வித்தியாசம் என்று சொல்லவே முடியாத அளவு. ஒவ்வொரு குழுவிலும் சிலர் நிறைய இளைத்தார்கள், சிலருக்கு எடை ஏறியே போனது.

பசி
குறைமாவு: முட்டை, மீன், பனீர் என்று புரதம் கூடுவதால் வயிறு அடங்கிக் கிடக்கும்.
குறைகொழுப்பு: பருப்பும் காயும் தட்டில் பாதி இல்லையென்றால் பதினோரு மணிக்கே பசிக்கும்.

செலவு
குறைமாவு: கூடும், சைவர்களுக்கு இன்னும் கூடும்.
குறைகொழுப்பு: வீட்டுச் சமையலே போதும்.

சரி, யாருக்கு எது? டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒருவகைக் கொழுப்பு) கூடியவர்களுக்குக் குறைமாவு நல்லது. எல்டிஎல் என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் கூடியவர்கள், வீட்டோடு சேர்ந்து ஒரே குழம்பைச் சாப்பிட வேண்டியவர்கள் எண்ணெயைக் குறைக்கலாம். இன்சுலின் போடுபவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் சோற்றை நிறுத்தவே கூடாது; சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும்.