சிராங்கூன் சாலையில் தைத்த போலோ சட்டை

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் பொங்கல் விழாக் குழுவுக்காகச் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கடையொன்றில் 30 போலோ சட்டைகள் தைக்கக் கொடுத்தோம். தேன்கூடு போன்ற சிறு குழிகள் நிறைந்த பின்னல் துணி காற்றை உள்ளே விடுவதால், நண்பகல் வெயிலில் பந்தல் கட்டியபோதும் முதுகில் ஒட்டவில்லை. ஆனால் மார்பில் பூவேலை செய்த ‘பொங்கலோ பொங்கல்’ என்ற எழுத்துகளில் ஙகரத்தின் புள்ளிகள் விடுபட்டிருந்தன. அது என்னை மிகவும் வருத்தியது. சொன்னதும் மறுநாளே, கூடுதல் கட்டணமின்றித் திருத்திக் கொடுத்தார்கள்.

காத்திருந்தபோது என் மகள், “அப்பா, போலோ என்றால் என்ன?” என்று கேட்டாள். இமயமலைப் பகுதியில் பேசப்படும் பால்டி மொழியில் அதற்குப் பந்து என்று பொருள். திபெத்திய மொழியின் ‘புலு’ அதற்கு உறவுச் சொல். குதிரைமேல் அமர்ந்து நீண்ட மட்டையால் பந்தடிக்கும் போலோ விளையாட்டுக்கு மணிப்பூரில் ‘சகோல் காங்ஜெய்’ என்று பெயர். அதைக் கண்டு கற்ற ஆங்கிலேயத் தேயிலைத் தோட்டக்காரர்கள் 1859இல் அசாமின் சில்சாரில் போலோ சங்கம் அமைத்தார்கள். சிங்கப்பூர் போலோ சங்கமும் 1886இலேயே தோன்றிவிட்டது. ஆயினும் இன்றைய சட்டையின் வடிவத்தைப் பரப்பியவர் டென்னிஸ் வீரர் ரெனே லக்கோஸ்ட் என்பது எனக்கே வியப்பளித்தது.

சட்டை ஒன்றுக்கு 14 வெள்ளி. மூன்று முறை துவைத்தும் சாயம் போகவில்லை. கழுத்துப்பட்டியின் முனைகள் மட்டும் சற்றுச் சுருண்டிருக்கின்றன. தமிழ் எழுத்துகளைப் பதிக்கக் கொடுப்பவர்கள் முதலில் ஒரே ஒரு மாதிரிச் சட்டை கேட்டுப் புள்ளிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.