அப்பா அம்மா படிக்க டேப்லெட் வாங்கப் போகிறீர்களா? கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

அப்பாவுக்கு எழுபத்து மூன்று வயது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு கண்ணிலும் புரை நீக்கி லென்ஸ் வைத்தாயிற்று. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய புத்தகங்கள் பிடிஎஃப் கோப்புகளாக இலவசமாகக் கிடைக்கின்றன என்று என் மகன் ஒரு நாள் போனில் காட்டினான். கல்லூரி நாளில் நூலகத்தில் உட்கார்ந்து படித்து, அதன் பிறகு எங்கு தேடியும் கிடைக்காத ஓர் உரைநூல் அதில் இருந்தது. அப்பா போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இன்னும் கொஞ்சம் பெரிசா இருந்தா நல்லா இருக்கும்மா" என்றார். தனக்கென்று எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். அந்த வாரமே கடைக்குப் போனேன்.

திருச்சியில் பல கிளைகள் உள்ள ஒரு பெரிய மின்சாதனக் கடை. பெயர் எழுதவில்லை, புகார் முடிந்துவிட்டது, பெயர் சொல்லிச் சண்டை வளர்ப்பது என் நோக்கமும் இல்லை. எந்தக் கடையிலும் இது நடக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

நான் மனதில் வைத்துப் போனது எட்டு இன்ச் அளவில் எடை குறைந்த ஒன்று. அப்பா சாய்வு நாற்காலியில் சாய்ந்துதான் படிப்பார், வலது மணிக்கட்டில் வலி உண்டு. இதை அங்கிருந்த தம்பியிடம் தெளிவாகச் சொன்னேன். அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "அப்பாவுக்குன்னா எட்டு இன்ச் எதுக்கு மேடம்? கிட்டத்தட்ட அதே விலைல பத்து இன்ச் தர்றேன். ஃபுல் எச்டி. எட்டு ஜிபி ரேம். எழுத்து பளிச்சுனு இருக்கும்." மேசையில் கம்பி கட்டி வைத்திருந்த டெமோ பீஸைக் காட்டினார். உண்மையிலேயே பளிச்சென்று இருந்தது. அட்டையில் அதிகபட்ச விலை 24,999 ரூபாய், எனக்கு 12,990. ஃபிளிப் கவரும் மேலே ஒட்டும் டெம்பர்டு கண்ணாடியும் சேர்த்து இன்னொரு 1,450. வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றபோது, விவரங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தார். அந்தச் செய்திதான் பிறகு என்னைக் காப்பாற்றியது.

மறுநாள் போய் வாங்கிவிட்டேன். பெட்டியைக் கடையில் திறந்து பார்க்கவில்லை. "சீல் உடைக்காம அப்பா கையால திறக்கட்டும் மேடம்" என்று அவர் சொன்னது எனக்கும் நல்ல யோசனையாகப் பட்டது.

வீட்டில் அப்பா திறந்தார், அந்த உரைநூலை எடுத்தார், இரண்டு பக்கம் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு சொல்லைக் காட்டி, "இது றன்னகரமா, டண்ணகரமா?" என்று கேட்டார். நானும் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. மூன்று சுழியும் இரண்டு சுழியும் ஒரே கரும்புள்ளியாகக் கலந்திருந்தன. மெய்யெழுத்தின் மேலிருக்கும் புள்ளி சாம்பல் நிறத்தில் தேய்ந்து, சில இடங்களில் காணவே இல்லை. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளின் ணகர னகரப் பிழையைத் திருத்தியவருக்கு நான் கொண்டுவந்து கொடுத்த திரை அது.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் 1280 x 800 என்று இருந்தது. திரையில் நீளவாட்டிலும் அகலவாட்டிலும் எத்தனை ஒளிப்புள்ளிகள் (பிக்சல்) இருக்கின்றன என்ற கணக்கு அது. ஃபுல் எச்டி என்றால் குறுக்கே 1920 புள்ளியாவது இருக்க வேண்டும். டெமோவாக வைத்திருந்தது 1920 x 1200 உள்ள மாடல். எனக்குக் கட்டிக் கொடுத்தது கிட்டத்தட்ட அதே பெயரில், கடைசி ஒரு சொல் மட்டும் இல்லாத மலிவு மாடல். வெளித்தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். "ஃபுல் எச்டி சப்போர்ட்" என்று பெட்டியின் முன்பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். அந்தச் 'சப்போர்ட்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஃபுல் எச்டி வீடியோ கொடுத்தால் அந்தக் கருவி அதைச் சுருக்கி ஓட்டும் என்று மட்டுமே அதற்குப் பொருள். திரை ஃபுல் எச்டி என்று பொருள் இல்லை. எட்டு ஜிபி ரேமும், அதாவது கருவி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகமும், அப்படித்தான். உண்மையான ரேம் நான்கு. மீதி நான்கு, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கி ரேம் போல் காட்டுவது.

புத்தகம் படிக்க வாங்குபவர்களுக்கு இந்தப் புள்ளிக் கணக்கு ஏன் முக்கியம் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஸ்கேன் செய்த பழைய புத்தகம் எழுத்து வடிவில் இல்லை, ஒவ்வொரு பக்கமும் ஒரு புகைப்படம். செய்தித் தளத்தில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் மடிந்துகொள்ளும், இதில் மடியாது. பெரிதாக்கினால் பக்கத்தின் ஓரம் திரைக்கு வெளியே போய்விடும், ஒவ்வொரு வரிக்கும் விரலால் இடமும் வலமும் இழுக்க வேண்டும். ஆகவே திரையை நிமிர்த்திப் பிடிக்கும்போது அதன் அகலம் எவ்வளவு, அந்த அகலத்தில் எத்தனை புள்ளி என்ற இரண்டும்தான் எழுத்தின் தலைவிதி. என் அப்பாவுக்கு வந்ததில் அகலவாட்டில் 800 புள்ளி. ஒரு வரியில் நாற்பது எழுத்து என்று வையுங்கள், ஓரத்து வெற்றிடத்தையும் கழித்தால் ஓர் எழுத்துக்கு இருபது புள்ளிகூடத் தேறாது. ஆங்கில எழுத்துக்கு அது ஒப்பேறலாம். சுழியும் வளைவும் நிறைந்த நம் எழுத்துக்குப் போதவில்லை.

இன்ச் கணக்கிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. கடையில் சொல்லும் இன்ச் மூலைக்கு மூலை அளந்தது. நீளமான திரையும் சதுரத்தை ஒட்டிய திரையும் ஒரே இன்ச் இருந்தாலும் அகலம் ஒன்றல்ல. ஸ்கேலும் கால்குலேட்டரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீளமும் அகலமும் 16:10 என்ற விகிதத்தில் உள்ள 10.1 இன்ச் திரையின் அகலம் 13.6 சென்டிமீட்டர். பல தமிழ்ப் புத்தகங்கள் அச்சாகும் டெம்மி அளவின் அகலம் சுமார் 14. ஆக டெம்மி புத்தகம் ஏறக்குறைய அசல் அளவிலேயே தெரியும். ஏ4 தாள் என்றால் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். இதைவிட வியப்பு, 4:3 வடிவில் வந்த பழைய ஐபேட் மினியின் 7.9 இன்ச் திரை 12 சென்டிமீட்டர் அகலம். இப்போது பல நிறுவனங்கள் விற்கும் நீளவாக்கான 8.7 இன்ச் திரையோ சுமார் 11.3 தான். இன்ச் கூடியிருக்கிறது, பக்கம் குறுகியிருக்கிறது.

எடைக்கு வருகிறேன். பெட்டியில் எங்கும் எடை போடவில்லை. கடைத் தம்பியிடம் கேட்டபோது "லைட் வெயிட்தான் மேடம்" என்று முடித்துவிட்டார். இரண்டாம் நாளே அப்பா மணிக்கட்டைத் தடவ ஆரம்பித்ததும், தெருமுனை மளிகைக் கடைக்குக் கொண்டு போனேன். அண்ணாச்சி தராசில் வைத்துப் பார்த்தார். டேப்லெட் மட்டும் 548 கிராம். கவரோடு 861. அப்பா வழக்கமாக நாற்காலியில் சாய்ந்து படிக்கும் புத்தகத்தையும் எடுத்துப் போயிருந்தேன், அது 290. மூன்று புத்தகத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு படிக்கச் சொல்லியிருக்கிறேன். மாடல்களின் எடையைத் தேடிப் பார்த்தால் நிறுவனங்களே இதில் எவ்வளவு பாடுபட்டிருக்கின்றன என்று தெரிகிறது. 2010இல் வந்த முதல் ஐபேட் 680 கிராம், 2013இல் வந்த ஐபேட் ஏர் அதே 9.7 இன்ச் திரையோடு 469 கிராம். கிட்டத்தட்ட இருநூறு கிராமைக் குறைக்க மூன்று வருடம் உழைக்கிறார்கள்; நாம் கடையில் முந்நூறு கிராம் கவரை யோசிக்காமல் மாட்டிக்கொண்டு வருகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரையைக் குறுக்காக வைத்து வீடியோ பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. நிமிர்த்திப் பிடித்துப் படிக்கும்போது இடது ஓரம் வெளிறியும் வலது ஓரம் கறுத்தும் இருந்தது, அப்பா தலை வலிக்கிறது என்றார். மலிவான டிஎன் வகைத் திரையின் குணம் இது. குறுக்காக வைத்தால் மேலிருந்தும் கீழிருந்தும் பார்க்கும்போதுதான் நிறம் மாறும். அதையே நிமிர்த்தினால் அந்தக் குறை பக்கவாட்டுக்கு வந்துவிடும், இடக் கண் ஒன்று காணும், வலக் கண் வேறொன்று காணும். ஐபிஎஸ் என்ற இன்னொரு வகைத் திரையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பெட்டியில் 'டிஎஃப்டி' என்று மட்டும் போட்டிருந்தால் இரண்டில் எது என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் இரண்டுமே டிஎஃப்டிதான். கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே காற்றிடைவெளி வேறு இருந்தது, அது பிரதிபலிப்பைக் கூட்டும். காலையில் தாழ்வாரத்து வெளிச்சத்தில் அப்பாவுக்குத் தெரிந்தது அவர் முகமும் பின்னாலிருந்த ஜன்னலும்தான். கடையில் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து, குளிரூட்டிய அறையில், பூவும் மீனும் ஓடும் வீடியோவைக் காட்டினால் இதெல்லாம் எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள் திருப்பிக் கொடுக்கப் போனேன். "சீல் உடைச்சாச்சு மேடம், எடுக்க முடியாது." பில்லின் அடியில் விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று அச்சடித்திருப்பதைக் காட்டினார்கள். மேலாளர் வந்து, டெமோ மாடல் வேண்டுமென்றால் இன்னும் நாலாயிரம் கொடுங்கள், பழையதை ஒன்பதாயிரத்துக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பணத்துக்காக மட்டும் இல்லை. சாய்வு நாற்காலி, மணிக்கட்டு வலி, புரை நீக்கிய கண் எல்லாவற்றையும் நான் சொல்ல, அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுத்தானே இதைக் கொடுத்தார்கள்.

அன்று மாலையே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் புகார் பதிந்தேன். பில், பெட்டியின் அடிப்பக்கப் படம், 'ஃபுல் எச்டி டிஸ்ப்ளே' என்று அந்தத் தம்பி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி மூன்றையும் இணைத்தேன். ஒன்பதாம் நாள் கடையிலிருந்து அழைப்பு. இரண்டாயிரம் கழித்துக்கொண்டு தருகிறோம் என்றார்கள். இது சொன்ன பொருளே இல்லை, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், ஐந்து லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம்கூடக் கிடையாது என்றேன். குரலை உயர்த்தவில்லை. மேலும் ஒரு வாரத்தில் 12,990 முழுதாக வந்தது. கவருக்கும் கண்ணாடிக்கும் கொடுத்த 1,450 போனதுதான். அந்த வாட்ஸ்அப் செய்தி இல்லாமல் வாய்வார்த்தையாக மட்டும் போயிருந்தால் முழுத் தொகையும் போயிருக்கும். ஆகவே கடையில் சொல்வதை எழுத்தில் கேளுங்கள், பில்லில் மாடல் எண்ணை முழுதாகப் போடச் சொல்லுங்கள். இணையத்தில் வாங்குபவர்களுக்கு 2020இல் வந்த மின்வணிக விதிகள் இன்னும் துணையாக இருக்கின்றன: விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் பொருளில் இல்லையென்றால் விற்பவர் அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது.

இரண்டாம் முறை வாங்கப் போகும்முன் பழைய காலண்டர் அட்டையை எடுத்து, 8.7, 10.1, 11 இன்ச் திரைகளின் அளவில் மூன்று துண்டு வெட்டினேன். அப்பாவின் புத்தகத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். அரைக்கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை அட்டையோடு சேர்த்துக் கட்டி, நாற்காலியில் சாய்ந்து கால் மணி நேரம் பிடிக்கச் சொன்னேன். ஏழாவது நிமிடமே கீழே வைத்துவிட்டார். 

சிக்கல் என்னவென்றால், எங்கள் பணத்துக்குள் கிடைத்த எட்டு இன்ச் சொச்ச டேப்லெட்டுகள் முந்நூற்றுச் சொச்சம் கிராம்தான், கைக்கு இதம், ஆனால் நான் பார்த்தவற்றில் அகலவாட்டில் மறுபடி அதே 800 புள்ளி. 1200 புள்ளி வேண்டுமென்றால் பத்து, பதினொன்று இன்ச்சுக்குப் போக வேண்டும், எடை 460, 480 கிராம். இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் விலை மூன்று மடங்குக்கு மேல். எழுத்தா, கையா என்று அப்பாவையே கேட்டேன். "எழுத்து" என்றார், யோசிக்காமல்.

அடுத்த கடையில் பெட்டியை அங்கேயே திறக்கச் சொன்னேன். அந்த உரைநூலின் ஒரு பக்கத்தைப் பென்டிரைவில் கொண்டு போயிருந்தேன். வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, நிமிர்த்திப் பிடித்து, வாசலுக்குக் கொண்டு வந்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் முதலில் தேடியது ஒரு ணகரத்தை. சுழிகளை எண்ணினார். "மூணும் இருக்கு" என்றார். 11 இன்ச், 1920 x 1200, 480 கிராம், 16,500 ரூபாய். கவர் வாங்கவில்லை.

பரணில் தாத்தாவின் சிக்குப்பலகை கிடந்தது, மார்கழியில் திருவாசகம் வைத்துப் படிக்கும் மரப்பலகை. துடைத்து எண்ணெய் போட்டு வைத்தேன். டேப்லெட் அதில் சரியாகச் சாய்ந்து நிற்கிறது. அப்பா இப்போது நாற்காலியை விட்டு, பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து படிக்கிறார். நேற்று அந்த உரைநூலில் எண்பத்தாறாம் பக்கத்தில் இருந்தார்.